எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்காம் வகுப்பு ஆசிரியர்

திண்டிவனம்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பின்.

அன்பு மச்சான் ஜகபர் சாதிக்குக்கு, உன் அக்காளைக் கட்டிய காதர் பாட்சா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் பஹ்ரைனில் நீ சுகமாக இருப்பாய். இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது. ஆனால் இந்தக் கடிதத்தில் பொய்க்கு இடமில்லை, சொல்ல வேண்டியது அவ்வளவு இருக்கிறது. உன் அக்காள் ஷரீபா, நம் மகள் பர்வீனின் மூன்றாவது பிரசவத்துக்காக விழுப்புரம் போயிருக்கிறாள். தாயும் பிள்ளையும் நலம். வருகிற வெள்ளிக்கிழமை அவள் திண்டிவனம் திரும்புகிறாள். அதற்குப் பிறகு என் நலத்துக்கு யாரும் ஜாமீன் கொடுக்க முடியாது.

இதை வாட்ஸ்அப்பில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போன பெருநாளுக்கு உனக்கு மட்டும் என்று நினைத்து, உன் அக்காள் வைத்த மீன் குழம்பைப் பற்றி நான் பேசி அனுப்பிய குரல் செய்தி குடும்பக் குழுவில் போய் விழுந்து, சம்பந்தி வீடு வரைக்கும் கேட்டதை நீ மறந்திருக்க மாட்டாய். அந்தப் போன் என் பக்கம் இல்லை என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். அதனால்தான் காகிதம். கோட்டக்குப்பத்துப் பயணக்காரர் ஒருவர் நாளைக்கு பஹ்ரைனுக்கு விமானம் ஏறுகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கோந்து தடவி, மேலே டேப்பும் ஒட்டியிருக்கிறேன். ஒட்டு பிரிந்திருந்தால் முதலில் அவரை விசாரி.

விஷயம் இதுதான். நம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கிற பெண்கள் பள்ளியில் நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பது உனக்குத் தெரியும். அங்கே நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. வந்த அன்றைக்குக் கூட்டம் போட்டு, "வீட்டில் சும்மா கிடக்கும் புத்தகங்களைக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். ஒருவர் அகராதி தருகிறேன் என்றார், ஒருவர் பத்து நாவல் என்றார். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். வளைகுடாவில் இருந்து வந்தவன் என்றால் நம்மிடம் எல்லாம் இருக்கும் என்று ஒரு நினைப்பு. என் வாய் சும்மா இருக்குமா? "நாலு மூட்டை!" என்று சொல்லிவிட்டது. கைதட்டினார்கள், சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் நாலு மூட்டைக்கு ஆகிற புத்தகம் என்று ஒன்றுதான் இருக்கிறது. ஆமாம் மச்சான், அதேதான். உன் அக்காளின் சிவப்பு அட்டைப் புத்தகங்கள்.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் அங்கே கோல்டு ஸ்டோர் மளிகைக் கடையில் கல்லாவில் நின்ற காலமெல்லாம், அவள் இங்கே வாரப் பத்திரிகை வாங்கித் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் சிவப்புக் காலிகோ துணி போட்டு பைண்டிங் செய்து அடுக்கினாள். ஒவ்வொரு அட்டையிலும் பெயின்டால் பெரிதாக "ஷரீபா பீவி" என்று எழுதி வைத்தாள், இரவல் வாங்கிப் போகிறவர்கள் மறந்துவிடக்கூடாது என்று. மழை, பந்த் என்று ஏதாவது ஒரு வாரம் பத்திரிகை வராமல் போனால், கோடு போட்ட தாளில் தானே என்னவோ எழுதி அந்த இடத்தில் வைத்துத் தைத்துவிடுவாள். விடுமுறையில் வந்தபோது ஒருமுறை பார்த்தேன், வண்ணான் கணக்கு என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். சும்மா கிடக்கிறது என்று நான் நினைத்தது அதைத்தான். அவள் ஊரில் இல்லாத நேரம், ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே பர்வீன் போனில் உன் அக்காள் சொல்கிறாள்: "இங்க பொழுதே போகல. வந்தவுடனே அந்த 'ஏழாம் நம்பர் வீட்டு மருமகள' எடுத்து மறுபடி படிக்கணும். தூசி தட்டி வைங்க." எனக்கு உள்ளங்கால் வியர்த்துவிட்டது. இது அவளுடைய ஆசைக் கதை. பத்து தடவையாவது படித்திருப்பாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு எனக்கு இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று அவள் வருவதற்குள் புத்தகங்கள் அலமாரிக்கு வந்தாக வேண்டும். இன்னொன்று அவள் வரவே கூடாது. சால்வை வாங்கிக்கொண்டு போட்டோவுக்கும் நின்றவன் மறுநாளே போய்த் திருப்பிக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

சும்மா பார்வையிட வந்தவன் போல நூலகத்துக்குப் போனேன். நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற ஆசிரியை கலையரசி, கெடார் பக்கத்துப் பெண், மரியாதையாகத்தான் நாற்காலி போட்டார். மரியாதை கொஞ்சம் அதிகமாக இருந்ததும் எனக்கு ஒரு சந்தேகம். பார்த்தால் மச்சான், உன் அக்காளின் சிவப்புப் புத்தகம் ஒவ்வொன்றின் முதுகிலும் கறுப்புக் கோடு போட்ட ஒட்டுத்தாள்! நாமிருவரும் சோறு தின்றதே அந்தக் கறுப்புக் கோட்டால்தானே. பால் டப்பாவில் இருக்கும், சோப்பில் இருக்கும். விலைக்கு விற்கிற பொருளில் இருக்கும். ஒரு பெண் பிள்ளை புத்தகத்தை நீட்டினாள், ஆசிரியை ஒரு துப்பாக்கியைக் காட்டினார், பீப் என்றது, பிள்ளை வெளியே போய்விட்டாள். இத்தனை வருஷம் கல்லாவில் நின்றவனுக்குத் தெரியாதா? பீப் என்றால் சரக்கு கைமாறிவிட்டது என்று அர்த்தம்.

"இன்னாம்மா, வெல போட்டுக்கினு இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"வெல இல்ல பாய், பார்கோடு. எந்த புக்கு யாருகிட்ட இருக்குதுன்னு கம்ப்யூட்டர் சொல்லிடும்."

"அப்ப நான் குடுத்த புக்கு எங்க இருக்குதுன்னு கேளுங்க பாப்போம்."

என் பெயரைத் தட்டினார். "காதர் பாட்சா... ஒண்ணுமே வரலியே பாய்" என்றார். ஒன்றுமே வரவில்லையாம்! நாலு மூட்டை, மச்சான். ஆட்டோவில் எனக்கே உட்கார இடமில்லாமல் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டு போனேன். அந்தக் கம்ப்யூட்டருக்கு என்னைத் தெரியவில்லை. "எல்லாம் ஏறிடுச்சு பாய், எங்கயும் போவாது, கிளவுட்ல பத்திரமா இருக்குது" என்றார். கிளவுட் என்றால் என்ன என்று கேட்டேன். மேகம் மாதிரி என்றார். திண்டிவனத்து மேகத்தை நம்பி நான் கொடியில் துணிகூடக் காயப் போடுவதில்லை.

அப்போது மேசை மேல் ஒரு சிவப்பு அட்டை தனியாகக் கிடப்பதைப் பார்த்தேன். ஆசிரியை அந்தப் பக்கம் திரும்பிய நேரம் அதை எடுத்துக் காய்கறிப் பையில் முருங்கைக்காய்க்கு அடியில் செருகிவிட்டேன். என் வீட்டுப் பொருளை நான் எடுப்பது திருட்டு ஆகாது என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டே அவசரமாகச் செருப்பை மாட்டினேன். வாசலைத் தாண்டும்போது, "பாய், ஒரு நிமிஷம்!" என்று குரல். உயிர் போய்விட்டது. "ஒங்க செருப்ப மாத்திப் போட்டுக்கினு போறீங்க பாய்" என்றார். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால் அது பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் கைடு. அதை இன்னும் திருப்பி வைக்கவில்லை. பீரோவில், என் பாஸ்போர்ட்டுக்குக் கீழே இருக்கிறது.

மறுநாள் மறுபடியும் போனேன். போன கொஞ்ச நேரத்தில் தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்ப, கலையரசி எழுந்து போனார். அறையில் நானும் கம்ப்யூட்டரும் மட்டும். அதன் நெற்றியில் ஒரு சின்ன விளக்கு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் அதன் மேல் கைக்குட்டையைப் போட்டேன். பிறகு, என் பெயரில் இல்லாவிட்டால் அட்டையில் இருக்கிற பெயரிலாவது இருக்காதா என்று, எழுத்து எழுத்தாகத் தேடி ஷரீபா பீவி என்று அடித்தேன். அல்லாஹ்வே! கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. திரையில் வந்ததை அப்படியே எழுதுகிறேன்:

ஆசிரியர்: ஷரீபா பீவி. பிரிவு: தமிழ். வகுப்பு எண்: 894. நிலை: வெளியே.

கீழே கீழே தள்ளினால் அதே வரி திரும்பத் திரும்ப வருகிறது. ஆசிரியர் ஷரீபா பீவி, ஆசிரியர் ஷரீபா பீவி. மச்சான், அந்தப் பள்ளியின் எல்லா ஆசிரியர்களையும் எனக்குத் தெரியும். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அவர்களோடு பஜ்ஜி தின்றிருக்கிறேன். ஷரீபா பீவி என்று ஒரு ஆசிரியர் அங்கே கிடையாது. உலகத்தில் எந்தப் பள்ளியில் எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்காம் வகுப்பு இருக்கிறது? எப்போது பார்த்தாலும் "வெளியே" இருக்கிற ஆசிரியர் எப்படிப்பட்ட ஆசிரியர்? போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ஆசிரியை திரும்புவதற்குள் வந்துவிட்டேன். அவரிடம் ஏன் கேட்கவில்லை என்கிறாயா? கேட்டால் உஷாராகிவிட மாட்டார்களா?

நேரே சுப்பராயலு வீட்டுக்குப் போனேன். ஒலக்கூர்க்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னோடு காலையில் நடக்க வருகிறவர். சந்தேகம் என்று வந்துவிட்டால் என்னையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். பஸ்ஸில் கைக்குழந்தையைக்கூட வயது கேட்டுவிட்டுத்தான் விட்டவர். போட்டோவைக் கண்ணாடி போட்டும் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தார்.

"பாய், இது சத்தியமா டூப்ளிகேட் டீச்சரு. பேரு ஒங்க வூட்டம்மாது, சம்பளம் எவனோ வாங்கினு போறான். அதான் எப்பவும் 'வெளியே'ன்னு போட்டுக்கினு இருக்கான்."

"அவ பேரு அவங்களுக்கு எப்பிடி கெடச்சிது கண்டக்டரே?"

"ஆதார் ஜெராக்ஸ் எங்கயாச்சும் குடுத்தீங்களா?"

"கேஸ் சிலிண்டருக்கு, பேங்க்குக்கு, ரேஷன் கடைக்கு, செல்போன் கடைக்கு... எல்லா எடத்துலயும்தான்."

"அப்ப முடிஞ்சிது" என்று கண்ணாடியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அந்த புக்குங்கள எதுக்கு வாங்கனாங்கன்னு இப்பத்தான் எனக்கு பிடிபடுது. நாளைக்கு இன்ஸ்பெக்ஷன் வந்தா, டீச்சர் எங்கன்னு கேப்பான். அட்டையில பேரு போட்ட புக்க காட்டி, டீச்சரு இப்பத்தான் வெளிய போனாங்க, அவுங்க புக்கு பாருங்கன்னு சொல்லிடுவாங்க. ஜல்தியா மனு குடுக்கணும் பாய். லேட் பண்ணா ஒங்க வூட்டம்மாவத்தான் புடிப்பாங்க."

எனக்குப் பேஜாராகிவிட்டது. பேத்தியைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருக்கிறவளைப் போலீஸ் வந்து, 'எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்காம் வகுப்பு ஆசிரியர் நீதானா?' என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? "எங்க வூட்டுக்காரர கேளுங்க" என்பாள். உடனே சுப்பராயலு மனு எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். விழுப்புரத்தில் கல்வி அலுவலகத்தில் அவரே நேரில் கொடுப்பதாகச் சொல்லி வாங்கிப் போயிருக்கிறார். அதன் நகல் இதோடு இருக்கிறது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதுதான் சாட்சி. பத்திரமாக வை.

இதற்கிடையில் வீட்டு அலமாரி வெறிச்சென்று என்னைப் பார்த்தது. சிவப்புத் துணி வாங்கி, பழைய செய்தித்தாள் கட்டுகளுக்கு உறை தைத்து அடுக்கி வைத்திருக்கிறேன். கொஞ்ச தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. கண்ணாடி போடாமல் பார்த்தால் சுத்தமாகத் தெரியாது.

இப்போது உன் உதவி. உன் பேச்சுக்குத்தான் உன் அக்காள் கட்டுப்படுவாள். இந்தக் கடிதம் கண்டதும் அவளுக்குப் போன் போடு. நாற்பது நாள் கழிகிற வரைக்கும் பிள்ளை பெற்றவளை விட்டு வரக்கூடாது என்று சொல். திண்டிவனத்தில் கொசு அதிகம் என்று சொல், தண்ணீர் வரவில்லை என்று சொல். எதைச் சொன்னாலும் புத்தகம் என்ற வார்த்தையை மட்டும் உச்சரிக்காதே. உனக்கே தெரியும், நான் இருபத்தைந்து வருஷம் வீட்டில் இல்லாததை அவள் மன்னித்துவிட்டாள். அந்தப் புத்தகங்கள் வீட்டில் இல்லாததை மன்னிக்க மாட்டாள். நான் இல்லாத வீட்டில் அவளுக்குத் துணையாக இருந்தது அதுகள்தானே. இதை எழுதும்போது எனக்கே என் மேல் கோபம் வருகிறது, மச்சான்.

உன் உடம்பிலும் உழைப்பிலும் பரக்கத் பெருகட்டும். உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். வெயிலில் தலைக்குத் துண்டு கட்டு. கடையில் பீப் என்கிற எதையும் நம்பாதே.

இப்படிக்கு,
உன் துஆவை நாடும்,
காதர் பாட்சா.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. பயணக்காரரின் டிக்கெட் தள்ளிப்போய்விட்டது, கடிதம் என் சட்டைப் பையிலேயே கிடந்தது. அதற்குள் உன் அக்காள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டாள். நேரே அலமாரியிடம் போய் நின்றாள். சிவப்பு உறை போட்ட ஒன்றை உருவினாள். "என் கதயெல்லாம் எப்ப நியூஸ் பேப்பராச்சு?" என்றாள். நான் உடனே உண்மையைச் சொல்லிவிட்டேன். அதாவது, ஸ்கூல்ல ஒன் பேர்ல ஒரு டூப்ளிகேட் டீச்சர் இருக்கா, அவதான் எல்லாத்துக்கும் காரணம் என்று போட்டோவைக் காட்டினேன். புர்காவைக்கூடக் கழற்றாமல் அப்படியே திரும்பி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

கலையரசி டீச்சர் போட்டோவைப் பார்த்துவிட்டு முதலில் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. "பாய், இது ஸ்கூல் ஆசிரியர் இல்ல. புக்கு ஆசிரியரு. எழுதனவங்க பேரு" என்றார். வகுப்பு எண் என்றால் தமிழ் இலக்கியப் புத்தகங்களுக்கு நூலகங்களில் போடுகிற எண்ணாம். வெளியே என்றால் பிள்ளைகள் படிக்க எடுத்துப் போயிருக்கிறார்களாம். எல்லாமே வெளியேதானாம், ஒன்றுகூட அலமாரியில் தங்குவதில்லையாம். உன் அக்காள் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆசிரியர்: ஷரீபா பீவி. விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அட்டையில ஒங்க பேருதாம்மா இருந்துச்சு" என்றார் டீச்சர். "உள்ள கோடு போட்ட பேப்பர்லயும் அதே கையெழுத்து. அதான் ஆசிரியர்னு போட்டுட்டேன். அந்த கையெழுத்துப் பக்கம் வந்தாத்தான் பிள்ளைங்க போட்டி போட்டுக்கினு படிக்குதுங்க. மருமக சாவிய கெணத்துல போடற அத்தியாயம் நீங்க எழுதனதா?"

"அந்த வாரம் புயலு. பத்திரிக வரல" என்றாள் உன் அக்காள், குற்றம் செய்தவள் மாதிரி. "ஆனா பேரு தப்பும்மா. கதைய எழுதனவங்க வேற. அவுங்க பேர போடுங்க." அவள் சொல்லச் சொல்ல டீச்சர் மாற்றினார். எந்தக் கதை யாருடையது என்று எல்லாம் நினைவு வைத்திருக்கிறாள். கடைசியில் ஒவ்வொன்றுக்கும் கீழே டீச்சரே ஒரு வரி சேர்த்தார்: "விடுபட்ட அத்தியாயங்கள்: ஷரீபா பீவி." அதை அழிக்கச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. வழியெல்லாம் முகத்திரைக்குள் அழுதுகொண்டே வந்தாள். நானும் அழுதேன், எனக்குத் திரையில்லாததால் தெரு முழுக்கப் பார்த்தது.

மனுவின் நகலைக் கிழித்துவிடு. அசலைப் பற்றிக் கவலை வேண்டாம். விழுப்புரம் பஸ் ஏறின சுப்பராயலு, கண்டக்டர் தன்னையே முறைத்துப் பார்ப்பதாகச் சந்தேகப்பட்டு, மயிலத்தில் இறங்கித் திரும்பிவிட்டார். உலகத்தில் சந்தேகத்தால் விளைந்த நன்மை அது ஒன்றுதான். வேதியியல் கைடையும் கொடுத்துவிட்டேன். அதைக் காணோம் என்று ஒரு பிள்ளை பரீட்சைக்கு முன்னால் அழுதுகொண்டிருந்ததாம். அவளுக்கு வெல்லப்பாகில் உருட்டிய மல்லாட்டை உருண்டை அரைக் கிலோ வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் போன் போடு. இப்போது வேறு காரணம். ஒரு கதைக்கு முடிவே இல்லை, பத்திரிகை நின்றுபோய்விட்டது என்று பிள்ளைகள் கேட்டார்களாம். உன் அக்காள் கோடு போட்ட நோட்டு வாங்கி முடிவு எழுத உட்கார்ந்துவிட்டாள். அடுப்பு எரிந்து இரண்டு நாள் ஆகிறது. நான் ஓட்டலில் இட்லி தின்கிறேன். இத்தனை வருஷம் வண்ணான் கணக்கு என்று நினைத்ததைப் படிக்க எனக்கும் ஆசை வந்து, கொஞ்சம் காட்டு என்றேன். "வரிசைல வாங்க" என்கிறாள். பள்ளிக்குப் போய் கார்டு போட்டு, சாவியைக் கிணற்றில் போடுகிற புத்தகத்துக்குப் பெயர் பதிந்துவிட்டு வந்தேன். எனக்கு முன்னால் ஆறு பிள்ளைகள் என்று அந்தக் கம்ப்யூட்டர் சொன்னது. இன்று காலை போய்க் கேட்டால் ஏழு என்கிறது.

எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, மச்சான்.